மின்னஞ்சலுக்கும் மாற்றுப் பெயர் உண்டு

மணிமங்கலத்துக்கு ஒரே பெயர்தான் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அவ்வூர் ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்தால் விஷயம் வேறு விதமாக இருக்கிறது. லோகமகாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்றும், ராஜசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என்றும், கிராமசிகாமணிச் சதுர்வேதிமங்கலம் என்றும் இதே ஊர் அந்தந்தக் காலத்தில் குறிக்கப்பட்டுள்ளது. பெயர் மாறினாலும் ஊர் மாறவில்லை. ஏரியும் மாறவில்லை. எந்தப் பெயரைச் சொல்லி ஓலை அனுப்பியிருந்தாலும் அது இந்த ஊருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

நம் கிரயப் பத்திரங்களிலும் இதே வழக்கம் உண்டு. ஒருவருக்கு வீட்டில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர் இருந்தால், நடுவில் "என்கிற" என்ற ஒரு சொல்லைப் போட்டு எழுதுவார்கள். ஆள் ஒருவரே, பெயர் இரண்டு என்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

மின்னஞ்சல் என்று சொல்லப்படும் ஈமெயிலிலும் இந்த "என்கிற" முறை இருக்கிறது. இதை அலியாஸ் என்பார்கள். நாம் மாற்றுப் பெயர் என்று சொல்லலாம். ஒரே அஞ்சல் பெட்டிக்கு இரண்டு, மூன்று, பத்துப் பெயர் கூட வைத்துக் கொள்ளலாம். இதனால் சிறு விவசாயிக்கு என்ன பயன், எப்படிச் செய்வது, எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

ஒரு விவசாயிக்கு ஏற்பட்ட நஷ்டம்

மணிமங்கலத்தைச் சேர்ந்த சிறு விவசாயி ஒருவர் கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் பயிரிடுகிறார். மகன் ஒரகடத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார். சொட்டு நீர்ப் பாசன மானியத்துக்கு இவர் விண்ணப்பம் செய்திருந்தார். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் இதற்கு நூறு சதவீத மானியம் இருப்பது பலருக்கும் தெரியும். விண்ணப்பம் போட்டு நாலு மாதமாகியும் தகவல் வரவில்லை என்று கையில் செல்பேசியோடு என்னிடம் வந்தார்.

அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். படிக்காத கடிதங்கள் மூவாயிரத்துக்கும் மேல் இருந்தன. மனை விற்பனை, உடனடிக் கடன், சீட்டு, லாட்டரி, டிராக்டர் தள்ளுபடி என்று வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே, பட்டாவில் உள்ள பெயருக்கும் சான்றிதழில் உள்ள பெயருக்கும் வேறுபாடு இருப்பதால் பதினைந்து நாட்களுக்குள் திருத்தி அனுப்பவும் என்று விண்ணப்பத்தைக் கவனித்த அலுவலகம் எழுதிய கடிதமும் இருந்தது. அது வந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. கெடு முடிந்து விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிட்டது. அந்தக் கோடை முழுவதும் அவர் வாய்க்காலில் தண்ணீர் விட்டுத்தான் கத்தரியைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. வெண்டையில் பாதி காய்ந்து போயிற்று.

"ஐயா, இந்தப் பெட்டியே வேணாம். மூடிட்டுப் புதுசா ஒண்ணு திறந்துடறேன்" என்றார் அவர்.

"ஒரு வரத்துக்கால்ல அழுக்குத் தண்ணி வந்தா ஏரியையேவா மூடுவீங்க? அந்தக் காலை அடைச்சாப் போதாதா?" என்று கேட்டேன்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் அவருடைய பெட்டிக்கு ஒரே ஒரு வரத்துக்கால்தான் இருந்தது. உரக்கடை, டிராக்டர் கண்காட்சி, மனைத் தரகர், மகனின் வேலை விண்ணப்பம், மானிய விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்திருந்தார். எந்தக் கடையிலிருந்து முகவரி வெளியே போயிற்று என்று அவரால் சொல்ல முடியவில்லை. அடைப்பதானால் நல்ல தண்ணீரையும் சேர்த்துத்தான் அடைக்க வேண்டும். இந்தச் சங்கடத்துக்கு மருந்துதான் மாற்றுப் பெயர்.

மின்னஞ்சல் எங்கே தேவைப்படுகிறது?

சிட்டா பார்ப்பதற்கு மின்னஞ்சல் தேவையில்லை. பி.எம். கிசான் தவணைக்கும் ஆதாரும், அதோடு இணைத்த செல்பேசி எண்ணும், வங்கிக் கணக்குமே முக்கியம். ஆனால் 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்ட ஈ-நாம் என்ற தேசிய மின்னணுச் சந்தையில் பதிவு செய்தால், நுழைவதற்கான விவரங்கள் நாம் கொடுக்கும் மின்னஞ்சலுக்கு வருகின்றன. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்குவதற்கும், ஜி.எஸ்.டி. பதிவுக்கும் மின்னஞ்சல் முகவரி கட்டாயம். பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், தொழிற்சாலை வேலை விண்ணப்பம் ஆகியவற்றுக்கும் இதைக் கேட்கிறார்கள். ஆகவே சிறு விவசாயி வீட்டிலும் இன்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கத்தான் செய்கிறது. பல வீடுகளில் அதைப் பிள்ளைகள்தான் திறந்து பார்க்கிறார்கள்.

மாற்றுப் பெயர் எப்படி வேலை செய்கிறது?

மின்னஞ்சல் முகவரியில் நடுவே @ என்ற குறி உண்டு. அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் 1971இல் முதன்முதலாக இக்குறியை இதற்குப் பயன்படுத்தினார். குறிக்குப் பின்னால் இருப்பது தபால் நிலையத்தின் பெயர். முன்னால் இருப்பது அந்த நிலையத்தில் உள்ள பெட்டியின் பெயர். கடிதம் வந்து சேரும் விதம் வருமாறு:

1. அனுப்புகிறவரின் கம்ப்யூட்டர் நிலையம், @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரை மட்டும் பார்த்து, அது எந்த நிலையம் என்று கண்டுபிடித்துக் கடிதத்தை அங்கே ஒப்படைக்கிறது.

2. பெறுகிற நிலையம் @ குறிக்கு முன்னால் உள்ள பெயரைப் பார்க்கிறது. தன்னிடம் உள்ள பட்டியலில் அப்பெயரைத் தேடுகிறது.

3. அது மாற்றுப் பெயராக இருந்தால், "இந்தப் பெயர் என்கிற இன்னார்" என்று பட்டியலில் எழுதியிருக்கும். அதன்படி கடிதத்தை உண்மையான பெட்டியில் போட்டுவிடுகிறது.

4. கடிதத்தின் தலைப்பில் பெரும்பாலும் மாற்றுப் பெயர் அப்படியே இருக்கும். எனவே எந்தப் பெயருக்கு வந்த கடிதம் என்று நாம் பார்த்துக் கொள்ளலாம்.

நம் ஊர் தபால்காரர் செய்வதும் இதுதான். "மேட்டுத்தெரு ஓட்டுவீட்டுக்காரர்" என்று எழுதினாலும், "பம்புசெட்டுக்காரர்" என்று எழுதினாலும், பட்டாவில் உள்ள பெயரை எழுதினாலும் அவர் ஒரே வீட்டில் கொண்டு போய்க் கொடுப்பார். பட்டியல் அவர் மனதில் இருக்கிறது. மின்னஞ்சல் நிலையத்தில் அது கம்ப்யூட்டரில் இருக்கிறது.

மாற்றுப் பெயர்களின் வகைகள்

கூட்டல் குறிப் பெயர்: இது மிக எளியது, செலவில்லாதது. ஜிமெயில் வைத்திருப்பவர்கள் இன்றே செய்யலாம். உங்கள் பெட்டியின் பெயர் "நெல்வயல்" என்று வைத்துக் கொள்வோம். (படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.) உரக்கடையில் முகவரி கேட்டால் நெல்வயல்+உரம்@ஜிமெயில்.காம் என்று கொடுக்கலாம். கண்காட்சியில் கேட்டால் நெல்வயல்+கண்காட்சி@ஜிமெயில்.காம் என்று கொடுக்கலாம். இதற்கு எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. கூட்டல் குறியிலிருந்து @ குறி வரை உள்ளதை நிலையம் தள்ளிவிட்டுக் கடிதத்தை "நெல்வயல்" பெட்டியில் போட்டுவிடும். ஜிமெயிலில் நடுவே வைக்கும் புள்ளியும் கணக்கில் வராது, "நெல்.வயல்" என்றாலும் "நெல்வயல்" என்றாலும் ஒன்றே. மற்ற நிறுவனங்களில் புள்ளிக்கு மதிப்பு உண்டு என்பதால் இதை எல்லா இடத்திலும் நம்ப வேண்டாம்.

தனி மாற்றுப் பெயர்: இது முற்றிலும் வேறு பெயர். மைக்ரோசாப்டின் அவுட்லுக் சேவையில், கணக்கு விவரப் பகுதியில் போய் வேறொரு பெயரைச் சேர்த்துக் கொள்ளலாம்; வேண்டாதபோது நீக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே பெட்டி என்று தெரியாது.

மறைப்புப் பெயர்: ஒவ்வொரு கடைக்கும் பொருளில்லாத ஒரு பெயரை உண்டாக்கித் தந்து, அதற்கு வரும் கடிதங்களை உங்கள் பெட்டிக்குத் திருப்பி அனுப்பும் சேவைகள் உண்டு. ஆப்பிள் நிறுவனம் தன் செல்பேசிக்காரர்களுக்குத் தருகிறது. ஃபயர்பாக்ஸ் ரிலே என்பதில் சில பெயர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உண்மை முகவரி எதிராளிக்குத் தெரியவே தெரியாது. வேண்டாத பெயரை ஒரே தட்டில் நிறுத்திவிடலாம்.

பதவிப் பெயர்: இது உற்பத்தியாளர் நிறுவனங்களும் உழவர் குழுக்களும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. 1982இல் மின்னஞ்சலுக்கு விதி வகுத்தபோதே, ஒவ்வொரு நிலையத்திலும் "போஸ்ட்மாஸ்டர்" என்ற பெயரில் ஒரு முகவரி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அது ஒரு ஆளின் பெயர் அல்ல, பொறுப்பின் பெயர். அன்று அப்பொறுப்பில் யார் இருக்கிறாரோ அவருக்குக் கடிதம் போய்ச் சேரும். 1980இல் தமிழ்நாட்டில் பரம்பரை மணியம், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் வந்ததை மூத்த விவசாயிகள் அறிவார்கள். இன்று "கிராம நிர்வாக அலுவலர், மணிமங்கலம்" என்று எழுதினால், அலுவலர் மாற்றலாகிப் போயிருந்தாலும் கடிதம் இப்போது இருப்பவருக்குக் கிடைக்கும். பதவிப் பெயரும் அப்படித்தான்.

குழுவில் அடிக்கடி நடப்பது என்ன? செயலாளராக இருப்பவர் தன் சொந்த முகவரியை வியாபாரிகளுக்கும் வங்கிக்கும் கொடுத்துவிடுகிறார். இரண்டு வருடம் கழித்து அவர் விலகினால் குழுவின் கடிதங்கள் எல்லாம் அவரோடு போய்விடுகின்றன. மனஸ்தாபம் வேறு வருகிறது. இதற்குப் பதிலாக நிறுவனத்தின் பெயரிலேயே "விற்பனை", "கணக்கு", "இடுபொருள்" என்று மூன்று பெயர்களை வைத்துக் கொள்ளலாம். விற்பனை என்ற பெயருக்கு வரும் கடிதம் தலைவர், செயலாளர், கிடங்குப் பொறுப்பாளர் மூவருக்கும் போகும்படி அமைக்கலாம். ஒருவர் விலகினால் பட்டியலில் ஒரு பெயரை மாற்றினால் போதும். வியாபாரிக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவருக்கு மட்டும் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் விலை பேசப்பட்டது என்ற சந்தேகத்துக்கும் இடம் குறையும். இதற்கு நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு இணையப் பெயரை ஆண்டுக் கட்டணத்தில் பதிவு செய்ய வேண்டும். கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனத்தின் அஞ்சல் சேவையிலும், கூகிள், மைக்ரோசாப்ட் சேவைகளிலும் இந்த வசதி இருக்கிறது.

விவசாயிக்கு எந்த ஏற்பாடு நல்லது?

நான் அந்த மணிமங்கலம் விவசாயிக்குச் சொன்ன ஏற்பாட்டையே இங்கே தருகிறேன். இது எல்லோருக்கும் பொருந்தும்.

1. புதிதாக ஒரு பெட்டி திறந்து, அதை வங்கி, மானியம், காப்பீடு, அரசு அலுவலகம் ஆகியவற்றுக்கு மட்டும் கொடுக்கவும். வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். இதில் கூட்டல் குறி எதுவும் போட வேண்டாம். சில விண்ணப்பப் படிவங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை.

2. பழைய பெட்டியை மற்ற எல்லாவற்றுக்கும் வைத்துக் கொள்ளவும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கூட்டல் குறிப் பெயரைக் கொடுக்கவும். உரம், விதை, டிராக்டர், கண்காட்சி, மனை, வேலை என்று சுருக்கமாக இருக்கட்டும்.

3. எந்தப் பெயரை யாருக்குக் கொடுத்தோம் என்பதை வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியுடன் எழுதிவைக்கவும். எழுதி வைக்காவிட்டால் மூன்று மாதத்தில் மறந்துபோகும்.

4. ஒரு பெயருக்குத் தொல்லைக் கடிதங்கள் வரத் தொடங்கினால், அப்பெயருக்கு வடிகட்டி போடவும். ஜிமெயிலின் செல்பேசிச் செயலியில் இதைச் செய்ய இயலாது. கம்ப்யூட்டரில் திறந்து, அமைப்புகள் பகுதியில் வடிகட்டி என்ற இடத்தில், "பெறுநர்" என்ற கட்டத்தில் அந்தப் பெயரை முழுதாக எழுதி, தனியே ஒதுக்கவும் என்று குறிக்க வேண்டும்.

5. உடனே அழிக்கும்படி வடிகட்டி போட வேண்டாம். புது ரகத்தை முதலில் அஞ்சு சென்ட் நிலத்தில் போட்டுப் பார்ப்பதுபோல, ஒரு மாதம் தனியே ஒதுக்கிப் பார்க்கவும். நல்ல கடிதம் எதுவும் அதில் வரவில்லை என்று தெரிந்த பிறகு அழிக்கலாம்.

6. பிரவுசிங் சென்டரிலோ வேறொருவர் கம்ப்யூட்டரிலோ பெட்டியைத் திறந்தால், வேலை முடிந்ததும் வெளியேறுவதற்கான பொத்தானை அழுத்திவிட்டே எழுந்திருக்கவும்.

திருடனைக் காட்டிக் கொடுக்கும்

மாற்றுப் பெயரால் வரும் இன்னொரு நன்மை பெரியது. "உங்கள் மானியம் நிறுத்தப்பட்டுள்ளது. இந்த இணைப்பைத் தட்டி வங்கி விவரம் தரவும்" என்று ஒரு கடிதம் வருகிறது. பார்ப்பதற்கு அரசுக் கடிதம் போலவே முத்திரை எல்லாம் இருக்கும். எந்தப் பெயருக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். அது "நெல்வயல்+கண்காட்சி" என்ற பெயருக்கு வந்திருந்தால், சந்தேகமே வேண்டாம், பொய்க் கடிதம். மானிய அலுவலகத்துக்கு நீங்கள் அந்தப் பெயரைக் கொடுக்கவே இல்லை. கண்காட்சியில் எழுதிக் கொடுத்தது யார் கைக்கோ போயிருக்கிறது.

என் அனுபவத்திலும் இது நடந்தது. ஒரு வேளாண் கண்காட்சியில் ஒரு கடையில் மட்டும் ஒரு தனிப் பெயரைக் கொடுத்தேன். சில வாரங்களில் அந்தப் பெயருக்குக் கடன் தருவதாகவும், பரிசு விழுந்திருப்பதாகவும் கடிதங்கள் வரத் தொடங்கின. வேறு எங்கும் அப்பெயரைக் கொடுக்காததால் கசிந்த இடம் தெரிந்துவிட்டது. வடிகட்டி போட்டேன். மற்ற கடிதங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தவறான பெயருக்கு வந்தால் பொய் என்று உறுதியாகச் சொல்லலாம். சரியான பெயருக்கு வந்துவிட்டதால் மட்டும் அது உண்மை என்று சொல்ல முடியாது. கடிதத்தில் உள்ள இணைப்பைத் தட்டாமல், அலுவலகத்தை நேரில் கேட்பதே நலம்.

மாற்றுப் பெயரால் ஆகாதவை

எந்த மருந்துக்கும் ஓர் அளவு உண்டு. இதன் குறைகளையும் தெரிந்து கொள்ள வேண்டும்.

கூட்டல் குறிப் பெயரில் உண்மைப் பெயர் வெளியே தெரிகிறது. விவரம் தெரிந்த மோசக்காரன் பின்பகுதியை வெட்டிவிட்டு நேராகவே எழுதுவான். அதனால்தான் வங்கிக்கு வேறு பெட்டி வைக்கச் சொன்னேன்.

மாற்றுப் பெயர் தனிப் பெட்டி அல்ல. எல்லாப் பெயருக்கும் கடவுச்சொல் ஒன்றே. அது பிறர் கைக்குப் போனால் எல்லாக் கால்வாயும் சேர்ந்தே போகும். எனவே கடவுச்சொல்லைப் பலமானதாக வைத்து, இரண்டாம் சரிபார்ப்பையும் போட்டுக் கொள்ளவும்.

மாற்றுப் பெயருக்கு வந்த கடிதத்துக்குப் பதில் எழுதினால், தனியாக ஏற்பாடு செய்யாதவரை உங்கள் உண்மை முகவரியிலிருந்தே பதில் போகும்.

எங்காவது நுழைவதற்கு ஒரு மாற்றுப் பெயரைக் கொடுத்திருந்தால், அதை நீக்குவதற்கு முன் அங்கே முகவரியை மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கடவுச்சொல் மறந்தபோது புதியது வந்து சேர வழியிருக்காது. மறைப்புப் பெயர் தரும் நிறுவனம் சேவையை நிறுத்திவிட்டாலும் இதே கதைதான்.

பெயர் பல வைத்துக் கொள்வது தவறல்ல. ஆனால் இதைக் கொண்டு ஒரே நிலத்துக்கு இரண்டு விண்ணப்பம் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். அங்கே ஆதாரும் சர்வே எண்ணும் ஒத்துப் பார்க்கப்படும். குற்றமாகவும் முடியும்.

பணம் போய்விட்டால்

ஏமாந்து வங்கி விவரம் கொடுத்துப் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு வீட்டில் உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கவும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். வங்கிக் கிளையிலும் தெரிவிக்கவும். மானியம் பற்றிய செய்தி மெய்யா பொய்யா என்று அறிய, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ தோட்டக்கலை அலுவலரையோ கேட்கலாம். உழவர் அழைப்பு மையத்தின் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தமிழில் பேசலாம்.

மேலே சொன்ன விவசாயி, பெயர் வேறுபாட்டைச் சரிசெய்து, "என்கிற" போட்ட சான்றிதழுடன் மறுபடி விண்ணப்பித்தார். இம்முறை மானியத்துக்கென்று வைத்த பெட்டியில் வாரத்துக்கு ஒன்றிரண்டு கடிதங்களே வந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் மருமகள் அதைத் திறந்து படித்துச் சொல்வது என்று ஏற்பாடு. ஆய்வுக்கு வரும் தேதி குறித்த கடிதம் வந்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது ஒன்றரை ஏக்கரிலும் சொட்டு நீர்க் குழாய் ஓடுகிறது.

மழைக்கு முன் வரத்துக்காலைத் தூர் வாருகிறோம். அதுபோல இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் படித்த பிள்ளைகளை உட்கார வைத்து உங்கள் அஞ்சல் பெட்டியையும் தூர் வாருங்கள். உங்களுக்கு வர வேண்டிய கடிதம் உங்கள் கண்ணில் படுவதற்கு வழி செய்துகொண்டு பயன் பெறுங்கள்.